கங்கையில் துடுப்பு பிடிக்கும் அறுபதுகள்

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் செல்லும் சாலையில் காலை எட்டு மணிக்கு இரண்டு வகை வண்டிகள் மேலே ஏறுகின்றன. ஒன்று, யாத்ரீகர்களின் பஸ். ஜன்னலோரம் மங்கி கேப்பும் மஃப்ளரும் அணிந்த முதியவர்கள். மடியில் கங்கை நீர் பிடிக்க பிளாஸ்டிக் கேன், பக்கத்தில் மருந்துப் பை. இன்னொன்று, கூரைமேல் ரப்பர் படகைக் கவிழ்த்துக் கட்டிய ஜீப். உள்ளே ஒருவர் மடியில் ஒருவராக இளவட்டங்கள், காதைக் கிழிக்கும் பஞ்சாபிப் பாட்டு. பல காலம் இந்த இரண்டு கூட்டமும் ஜன்னல் வழியாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதோடு சரி. முதல் கூட்டத்துக்குக் கங்கை தீர்த்தம். இரண்டாவது கூட்டத்துக்கு அது விளையாட்டு மைதானம்.

இப்போது அந்தக் கோடு கொஞ்சம் அழிந்திருக்கிறது. ஜீப்பின் முன் ஸீட்டில் நரைத்த தலை ஒன்று தெரிகிறது. பின்னால், மகனின் பழைய டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கம்பியை இறுகப் பிடித்தபடி ஒரு பாட்டி. வங்கி, ரயில்வே, தபால் துறை, பள்ளிக்கூடம் என்று முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருப்பார்கள். வாழ்நாளில் நீச்சல் குளத்தில்கூட இறங்காதவர்கள் பலர். எண்ணிக்கையில் இன்னும் சிறுபான்மைதான். ஆனால் இவர்களை எப்படி நடத்துவது என்று படகுத் தொழிலுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரிஷிகேஷுக்கு முதுமை புதிதல்ல. சொல்லப்போனால், அது முதுமைக்காகவே ஏற்பட்ட ஊர். கடமைகளை முடித்தவர்கள் கரையோரம் வந்து உட்காரும் இடம். டேராடூன், டெஹ்ரி, பௌரி என்று மூன்று மாவட்டங்கள் தொட்டுக்கொள்ளும் இந்தச் சிறிய பிரதேசத்தில், எந்தப் படித்துறையில் நின்றாலும் தமிழ் காதில் விழும். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-ல் பிறந்து, மலேயாவில் டாக்டராகப் பணிபுரிந்து, 1924-ல் இங்கே வந்து சேர்ந்த சுவாமி சிவானந்தர் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியதும் இங்கேதான். இன்னும் 70 கி.மீ. மேலே போனால் தேவப்பிரயாகை. பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். அங்குள்ள ரகுநாத்ஜி கோயில்தான் பெரியாழ்வார் பாடிய திருக்கண்டமென்னும் கடிநகர். 108 திவ்ய தேசங்களையும் தரிசித்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கும் தமிழ்நாட்டு வைணவர்களின் பட்டியலில், உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடித்துவிட வேண்டிய ஊர்களில் ஒன்று.

ஆக, அறுபதைத் தாண்டியவருக்கும் கங்கைக்கும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. படித்துறைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. வேடிக்கை என்னவென்றால், பனி உருகி வரும் அந்த நீரில், இழுக்கும் ஓட்டத்தில், ஈர வேட்டியோடும் புடவையோடும் எண்பது வயதுக்காரர் இறங்கினாலும் யாரும் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை. 'உங்களுக்கு இதயக் கோளாறு உண்டா' என்று விசாரிப்பதில்லை. அதே நீரில், தலைக்கவசமும் மிதவை ஜாக்கெட்டும் அணிந்து, நதியை அறிந்த கைடு ஒருவரின் பொறுப்பில் படகில் ஏற வேண்டும் என்றால் மட்டும் 'வயது என்ன' என்கிற கேள்வி வந்துவிடுகிறது.

ரிஷிகேஷில் ராஃப்டிங் வேர்விட்டது 1980-களில். இன்று லட்சுமண் ஜூலா சாலையிலும் தபோவனத்திலும் திரும்பிய இடமெல்லாம் ராஃப்டிங் அலுவலகங்கள். பெரும்பாலானவை ஒரு மேஜை, ஒரு பேனர், ஒரு இளைஞர் என்கிற அளவில். ஆளுக்குச் சில நூறு ரூபாய் தொடங்கி, தூரத்தைப் பொறுத்துக் கட்டணம் ஏறும். மேலே எந்த ஊரில் படகில் ஏறுகிறோம் என்பதுதான் கணக்கு. பிரம்மபுரியில் ஏறினால் 9 கி.மீ., ஷிவ்புரியில் ஏறினால் 16. மரைன் டிரைவ் என்று பெயரிட்டிருக்கும் கரையிலிருந்தோ, இன்னும் மேலே கோடியாலாவிலிருந்தோ இறங்குபவர்கள் ஓரளவு அனுபவசாலிகள். மழைக்காலத்தில் நதி சேறும் மரமுமாகப் புரண்டு வரும். அப்போது படகுகள் நிறுத்தப்படும். செப்டம்பர் கடைசியில் நீர் தெளியத் தொடங்கும்போது மறுபடி ஆரம்பம்.

பாறைகளின் மீது சரிந்து நதி நுரைத்து ஓடும் இடங்களுக்கு 'ரேபிட்' என்று பெயர். இவற்றை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சலசலப்பு. ஆறு என்றால் உயிரோடு திரும்புவது அதிர்ஷ்டம். ஷிவ்புரி-ரிஷிகேஷ் பாதையில் பெரியவை மூன்று அல்லது நான்கைத் தொடும். ஒவ்வொன்றுக்கும் யாரோ சூட்டிய ஆங்கிலப் பெயர்: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள். புராணப் பெயர்கள் கொட்டிக் கிடக்கும் நதியில் கோல்ஃப் மைதானம் எப்படி வந்தது என்று கோபித்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அந்த மைதானத்தில் உள்ள குழிகளைப் பார்த்தபிறகு பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொள்வார்கள்.

படகு அலுவலகங்கள் பல, மேல் வயது வரம்பை 60 என்றோ 65 என்றோ வைத்திருக்கின்றன. காரணம் புரியாததல்ல. விபத்து நடந்தால் பத்திரிகையில் வரும், லைசென்ஸ் போகும், வழக்கு வரும். 2018 ஜூனில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம், முறையான விதிகளை வகுக்கும்வரை ராஃப்டிங்கையும் பாராகிளைடிங்கையும் மாநிலம் முழுவதும் நிறுத்தி வைத்தது. அந்தக் கோடை காலியான படகுகளோடு கழிந்ததைத் தொழிலில் உள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. வயதானவர் ஒருவரை ஏற்றி வம்பை விலைக்கு வாங்குவானேன் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்த ஒற்றை எண் நடைமுறையில் என்ன செய்கிறது? வரம்பு 65 என்றால், 66 வயதுக்காரர் 64 என்று எழுதுகிறார். ஆதார் அட்டையை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை. ஜீப்பின் பானெட் மீது வைத்து நீட்டப்படும் ஆங்கிலப் படிவத்தில் பெயர், வயது, கையெழுத்து. உயிருக்கோ உடைமைக்கோ சேதம் நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் நாலு வரி. வயதைக் குறைத்து எழுதியவர் அடுத்து என்ன செய்வார்? தினமும் காலையில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, இரவில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிடுவதையும் சொல்ல மாட்டார். சொன்னால் முதல் பொய் வெளிப்பட்டுவிடும். உண்மையில் கைடுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இரண்டாவது விஷயம்தான்.

டெல்லி ராமகிருஷ்ணாபுரத்தில், மலை மந்திருக்கு நடந்துபோகும் தூரத்தில் வசிக்கும் ஒரு தம்பதியின் கதை இது. கணவருக்கு 66. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவிக்கு 61. பத்ரிநாத் யாத்திரைக்குப் போகும் வழியில் ரிஷிகேஷில் ஒரு நாள் தங்கல். ராஃப்டிங் ஆசை மனைவிக்கு. லட்சுமண் ஜூலா பக்கம் நின்றபோது கீழே போன படகில் தன் வயதில் ஒரு பெண்மணி துடுப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கணவருக்கு இஷ்டமில்லை. ஆனால் மனைவியைத் தனியாக அனுப்புவதிலும் இஷ்டமில்லை. (அந்தப் பழைய லட்சுமண் ஜூலா, 1930-ல் திறக்கப்பட்ட தொங்குபாலம், பலவீனமாகிவிட்டதென்று 2019-ல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. வயதைக் காரணம் காட்டி ஓய்வு கொடுக்கப்பட்டவர்கள் கூடும் இடமாக அது இருப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.)

படிவத்தில் அவர் 64 என்று எழுதினார். அம்மா தன் வயதை உள்ளபடியே எழுதினார். மகனுக்குப் போன் செய்யவில்லை. 'செய்தால் என்ன சொல்வான் என்று தெரியாதா' என்பது இருவருக்கும் பொதுவான கருத்து.

ஷிவ்புரியில் ஜீப் நின்ற இடத்திலிருந்து நதிக்கு இறங்கும் பாதையே முதல் சோதனை. உருளும் கற்கள், பிடிமானம் இல்லாத சரிவு. இருபது வயதில் ஓடி இறங்கிவிடலாம். அறுபதில் முட்டி பேசும். இந்த விளையாட்டில் முதியவர்களுக்குக் காயம் என்றால் அலைகளைப் பற்றியே நினைக்கிறோம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் கால் பிசகுவது அதைவிடச் சாதாரணம். இன்னொரு விஷயம் செருப்பு. நனைந்துவிடும் என்று பலர் ஜீப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருகிறார்கள். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கூழாங்கல்லும் உடைந்த பாட்டில் துண்டும் கிழித்தாலும் தெரியாது. ஹோட்டலுக்குத் திரும்பிச் சாக்ஸ் போடும்போது ரத்தத்தைப் பார்ப்பார்கள். பின்பட்டை உள்ள ஒரு ஜோடி சாண்டல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. அலுவலகங்களில் இதை முன்கூட்டியே சொல்பவர்கள் குறைவு.

உடை இன்னொரு சிக்கல். புடவையோடு படகில் ஏற்ற மாட்டார்கள். தண்ணீரில் விழுந்தால் துணி காலைச் சுற்றும் என்பதால் அது நியாயமான விதிதான். ஆனால் நாற்பது வருடமாகப் புடவை தவிர வேறு எதையும் வெளியில் உடுத்தாத பெண்ணுக்கு, அந்நியர்கள் மத்தியில் சல்வாரிலோ டிராக் பேண்டிலோ நிற்பது ரேபிட்டைவிடப் பெரிய துணிச்சல். கரையோரத் தகரத் தடுப்புக்குள் போய் உடைமாற்றி வெளியே வந்து, லைஃப் ஜாக்கெட்டைத் தேவைக்கு முன்பே மாட்டிக்கொள்ளும் மாமிகளைப் பார்க்கலாம். குளிருக்காக அல்ல. காலையில் படித்துறையில் பூ விற்கும் சிறுவனுக்கு 'மாதாஜி'யாக இருந்தவர், படகுக் கரையில் 'ஆன்ட்டிஜி' ஆகிவிடுகிறார். இந்தப் பதவி மாற்றத்தை அவர்களில் பலர் ரசிக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

படகில் எட்டுப் பேர். கைடு, கட்வால் பையன், கரையில் பத்து நிமிடம் பாடம் நடத்தினான். இதுதான் மொத்தப் பயிற்சி. துடுப்பின் மேல்முனைப் பிடியை எக்காரணத்தைக் கொண்டும் விடக் கூடாது. விட்டால் பக்கத்திலிருப்பவரின் பல்லைப் பெயர்க்கும். (பொய்ப்பல் செட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவது உத்தமம், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு.) பாதத்தைப் படகின் மடிப்பில் செருகிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்கள் ஓட்டத்தின் திசையில், விரல்கள் மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நதி ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். வீசப்படும் கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். எல்லாம் சரியான பாடம். கடைசியில் ஒரே மூச்சில், "ஹார்ட், பி.பி., ஆஸ்துமா, யாருக்காவது உண்டா?" பதிலுக்குக் காத்திராமல் அவன் குனிந்து படகைத் தள்ளப் போனான். யாரும் வாய் திறக்கவில்லை.

"என்னங்க, சொல்லிடுங்க" என்றார் மனைவி, தமிழில், தாழ்ந்த குரலில்.

கணவர் தலையாட்டி மறுத்தார். அவர் மறுபடி சொன்னார். மூன்றாவது முறை அவரே கைடைக் கூப்பிட்டு, பேக்கேஜில் வந்த பொருள்களை ஒப்பிப்பதுபோல மாத்திரைகளை வரிசையாகச் சொன்னார். வயதையும் சொன்னார். படகில் ஒரு நிமிடம் மௌனம். முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் இறக்கிவிடப்படுவது வழக்கம். அன்று அப்படி நடக்கவில்லை. கைடு இரண்டு கேள்வி கேட்டான். மாடிப்படி இரண்டு மாடி நிற்காமல் ஏறுவீர்களா? காலை மாத்திரையைச் சாப்பிட்டாயிற்றா? பிறகு, படகின் முன்பகுதியில் உட்கார்ந்திருந்த அவரைத் தன் காலடிக்குப் பக்கத்தில், பின்வரிசையில் மாற்றி உட்காரவைத்தான். முன்வரிசைதான் அலையை முகத்தில் வாங்கும். பின்வரிசையில் கைடின் கைக்கெட்டும் தூரம். ஹெல்மெட் பட்டையை இறுக்கினான். நடுவழியில் மற்றவர்கள் தண்ணீரில் குதிக்கும் இடத்தில் அவர் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான். அவ்வளவுதான் விஷயம். இரண்டு கேள்வி, ஒரு இடமாற்றம், ஒரு தடை.

குதிக்கக் கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. உடல் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆபத்தானவை. மூச்சு தானாகவே திணறி இழுக்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று எகிறும். ஆரோக்கியமான இளைஞன் கூச்சல் போட்டுவிட்டு சமாளித்துவிடுவான். அடைப்புள்ள இதயத்துக்கு அந்த இரண்டு நிமிடம் போதும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு பயம்: தலையில் துடுப்போ பாறையோ பட்டால் உள்ளே கசியும் ரத்தம் உடனே வெளியே தெரியாது. இன்சுலின் போட்டுக்கொண்டு, சீக்கிரம் புறப்பட வேண்டும் என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தவருக்கு நடுநதியில் சர்க்கரை இறங்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு இளகியிருக்கும். வழுக்கி விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். இவை எதுவும் 'வரக் கூடாது' என்பதற்கான காரணங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னேற்பாடு இருக்கிறது. ஆனால் அதைச் செய்ய, ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் சொல்ல வேண்டும்.

கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபாக்காரர்கள் இதில் கொஞ்சம் முன்னே இருக்கிறார்கள். அந்தமானில் முதல் முறை முழுக்குப் போட வருபவர் கையில் தரப்படும் சர்வதேச மருத்துவக் கேள்வித்தாளிலும் வயது பற்றி ஒரு கேள்வி உண்டு: நீங்கள் 45-ஐத் தாண்டியவரா? ஆம் என்றால் வெளியே போகச் சொல்வதில்லை. மேலும் சில கேள்விகளுக்கு அனுப்புகிறது. புகை பிடிப்பீர்களா, கொலஸ்ட்ரால் அதிகமா, ரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு நேர்ந்ததா? அதில் ஒன்றுக்கு ஆம் என்றால், டாக்டர் கையெழுத்தோடு வா என்கிறது. அங்கே வயது என்பது கதவு அல்ல. அடுத்த கேள்விக்கு வழிகாட்டும் பலகை. நதிக்கரையில் இதே தாளை நீட்டினால், 66 வயதில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர் உள்ளே போவார். 42 வயதில், தொப்பையும் சிகரெட்டும் நேற்றிரவின் மதுவுமாக வந்து நிற்பவர் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். இன்று நடப்பது நேர் எதிர்.

அனுபவம் எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1977-ல் எட்மண்ட் ஹிலாரி வங்கக் கடலிலிருந்து கங்கையின் வழியே ஜெட் படகுகளில் மேலேறி, இந்த ரிஷிகேஷையும் தேவப்பிரயாகையையும் கடந்து போனார். நந்தப்பிரயாகை அருகே அருவி ஒன்று வழிமறிக்க, படகை விட்டுக் கால்நடையாகத் தொடர்ந்தார்கள். அப்போது அவருக்கு வயது 58. பத்ரிநாத்துக்கு மேலே பனிமலையில் ஏறும்போது, உலகத்திலேயே உயரமான சிகரத்தில் முதலில் கால்வைத்த அந்த மனிதரை மலைநோய் வீழ்த்தியது. கீழே கொண்டுவந்து, ஹெலிகாப்டரில் ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. உயரம், ஆளின் பெயரைக் கேட்பதில்லை.

மறுபக்கம், இதே உத்தரகண்டின் நாகுரி கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால். 1984-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண். 1994-ல் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவோடு ஹரித்வாரிலிருந்து கல்கத்தாவரை, 2,155 கி.மீ., கங்கையில் ரப்பர் படகிலேயே போனவர். 2022-ல், 67 வயதில், ஐம்பதைக் கடந்த பெண்களின் குழு ஒன்றை அருணாசலப் பிரதேசத்திலிருந்து லடாக்வரை இமயத்தின் குறுக்கே நடத்திச் சென்றார். 4,800 கி.மீ.க்கு மேல், ஏறத்தாழ ஐந்து மாதம். பத்திரிகைகள் இதை 'வயது ஒரு எண் மட்டுமே' என்று எழுதிக் கொண்டாடின. எண் மட்டுமா? அந்தக் குழுவில் பலரும் மலைக்குப் புதியவர்கள் அல்லர். நாற்பது வருடம் மலையோடு வாழ்ந்த உடம்பையும், நாற்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பையும் ஒரே வாக்கியத்தில் போட்டு உற்சாகப்படுத்துவது, வயது வரம்பு போடுவதைப் போலவே சோம்பேறித்தனமான வேலை. முதல் முறை வருகிறவருக்கு வேண்டியது கைதட்டல் அல்ல, சின்னச் சின்ன விவரங்கள்.

விவரம் தெரிந்தால் தேர்வும் மாறும். புதிதாக வரும் முதியவருக்கு ராஃப்டிங் உண்மையில் அவ்வளவு மோசமான தொடக்கம் அல்ல. ரிஷிகேஷ் கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் குறைவு, மூச்சு முட்டாது. படகைத் திருப்புவது கைடின் வேலை. பயணியின் தோள்பலத்தை நம்பி அது ஓடுவதில்லை. இமாசலத்தில் பீர்-பில்லிங் பாராகிளைடிங்கும் பார்வைக்குத்தான் பயங்கரம். சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங்கிலிருந்து கிளம்பும்போது பைலட்டோடு சேர்ந்து சில அடிகள் ஓட வேண்டும், பீரில் இறங்கும்போது காலை மடக்கித் தூக்க வேண்டும். அந்தச் சில அடிகளை ஓட முழங்கால் சம்மதித்தால் மீதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான். மாறாக, ரிஷிகேஷுக்குப் பக்கத்தில் மோகன்சட்டியில் 2010-லிருந்து நடக்கும் 83 மீட்டர் பஞ்சி குதிப்பில் ஓடவோ துடுப்பு போடவோ வேண்டியதில்லை. சில வினாடிகளில் முடிந்துவிடும். ஆனால் தலைகீழாகத் தொங்கி எகிறும்போது கண்ணுக்குள்ளும் முதுகுத்தண்டிலும் ஏறும் அழுத்தம் சாதாரணமல்ல. விழித்திரையில் கோளாறோ கிளாக்கோமாவோ உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பயத்தைப் பார்த்து ஆபத்தை அளந்தால் கணக்கு தப்பும்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண விபத்துக் காப்பீட்டு பாலிசிகளில் பல, சாகச விளையாட்டுகளை விலக்கி வைத்திருக்கின்றன. ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் புறப்படும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

நதிக்கு வருவோம். ரோலர் கோஸ்டரில் படகு நட்டுக்குத்தாக எழும்பி விழுந்தது. அம்மா வாய்விட்டுக் கத்தினார். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கணவர் ஒரு கையால் கயிற்றையும் இன்னொரு கையால் துடுப்பையும் பிடித்துக்கொண்டு, பைல் பார்ப்பதுபோன்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். டெஹ்ரி அணை, 260 மீட்டர் உயரத்தில் 2006 முதல் பாகீரதியை அடக்கி மின்சாரம் எடுக்கும் அணை, எப்போது எவ்வளவு நீர் விடுகிறது என்பதைப் பொறுத்துக் கங்கையின் மட்டம் மாறும். அன்று நீர் சற்று அதிகம். கோல்ஃப் கோர்ஸில் படகு ஒரு பக்கம் சாய்ந்து, ஒருவர் தண்ணீரில் போனார். முன்வரிசைக் கல்லூரிப் பையன்களில் ஒருவன். பாதுகாப்புக்காகக் கூடவே வந்த கயாக்காரர் அவனை அடைவதற்குள் கைடு கயிற்றை வீசி இழுத்துவிட்டான். பையன் படகுக்குள் வந்து விழுந்தபோது உதடு வெளுத்திருந்தது. தன் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து அவன் கழுத்தில் சுற்றிவிட்டார் அம்மா. அது ஏற்கெனவே சொட்டச்சொட்ட நனைந்திருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

அமைதியான நீர் வந்ததும் மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினார்கள். அம்மாவும் இறங்கினார். முதலில் கால், பிறகு இடுப்பு, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு மெதுவாகத் தோள்வரை. கைடு சொல்லிக்கொடுத்த முறை அது. படகின் விளிம்பைப் பிடித்தபடி மல்லாந்து மிதந்தார். கணவர் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தடையை அவர் மீறவில்லை. குனிந்து ஒரு கை நீரெடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்.

கரையோரம் மேகி பாயிண்ட் என்று ஒரு நிறுத்தம். சுடச்சுட நூடுல்ஸும் எலுமிச்சைத் தேநீரும். தண்ணீரில் விழுந்த பையன், 'அங்கிள்ஜி, உங்களுக்கு நிஜமாகவே அறுபத்தாறா' என்று கேட்டான். அவர் ஆமாம் என்றார். பிறகு, காலையில் படிவத்தில் வேறு எழுதியதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பயணம் நீம் பீச்சில் முடிந்தது. அங்கிருந்து சாலைக்கு ஏறும் படிகள்தான் அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி. ஈர உடை, இரண்டு மணி நேரம் மடக்கியே வைத்திருந்த முழங்கால், உயரம் சீரில்லாத படிகள், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கோல்ஃப் கோர்ஸைக் கடந்தவர், இந்தப் படியில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். அரசாங்கமோ படகுக்காரர்களோ முதியவர்களுக்காக ஏதாவது செய்ய நினைத்தால், ஏறும் கரையிலும் இறங்கும் கரையிலும் ஒரு கைப்பிடிக் கம்பியிலிருந்து தொடங்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

அன்று இரவு மகனுக்குப் போன் போயிற்று. எதிர்பார்த்தபடியே, 'இந்த வயசுல இது தேவையாம்மா' என்று ஆரம்பித்தான். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று தொடர்ந்தான். அவன் கவலை பொய்யல்ல. நடுராத்திரியில் விமானம் பிடித்து வர வேண்டியவன் அவன்தான். அம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். அப்பாவின் மாத்திரை விவரத்தைக் கைடிடம் சொன்னதைச் சொன்னார். அவரை எங்கே உட்காரவைத்தார்கள், எதைச் செய்ய விடவில்லை என்பதையும் சொன்னார். மறுமுனையில் குரல் கொஞ்சம் இறங்கியது. பத்ரிநாத்தில் குளிர் எப்படி இருக்கிறதாம் என்று பேச்சு மாறியது.

மறுநாள் காலை தேவப்பிரயாகை வழியாகப் போகும் பஸ். இந்தச் சாலையில் மேலே போகும்போது கங்கை வலதுபுறம் வரும். அம்மா முன்கூட்டியே போய் வலதுபுற ஜன்னலைப் பிடித்துவிட்டார். ஷிவ்புரி தாண்டும்வரை கீழே ஒவ்வொரு வெள்ளை நுரையாகக் காட்டி, கோல்ஃப் கோர்ஸ் எது, ரோலர் கோஸ்டர் எது என்று பக்கத்து ஸீட் மதுரைக்காரப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புடவையை மாற்றிக்கொள்ள அங்கே இடம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்தார்.